விண்டோஸ் 10 கணினிக்கு அடுத்து என்ன: 11 ஏற்றுவதா, லினக்ஸா, வேறு சிஸ்டமா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் பில் போடும் சிஸ்டமும் ராயபுரத்து ஜெராக்ஸ் கடை சிஸ்டமும் மறுநாள் காலை வழக்கம்போலத்தான் ஆன் ஆயின. ஓட்டம் நிற்காததால் முடிவும் தள்ளிக்கொண்டே போகிறது. ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாமல் மாதாமாதம் சேர்கின்றன. நெட் பேங்கிங், ஜிஎஸ்டி, வாடிக்கையாளரின் ஆதார் நகல் எல்லாம் புழங்கும் கணினியை அப்படி விட்டுவைக்க முடியாது.

முறைப்படி விண்டோஸ் 11-க்கு மாறலாம். விண்டோஸ் 10-லேயே நீட்டிப்பு வாங்கிக்கொண்டு கொஞ்ச காலம் ஓட்டலாம். தகுதிச் சோதனையைத் தாண்டிக் குதித்து 11-ஐ ஏற்றலாம். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடலாம். இல்லையென்றால் வேறு சிஸ்டம் வாங்கலாம். இவற்றில் எது என்று யோசிக்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். "உங்க சிஸ்டத்துல 11 ஏறாது சார்" என்று கடையில் சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். விண்டோஸ் 11-க்காக மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பட்டியலிலேயே ப்ராசசர் இல்லை என்பது ஒன்று. பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை நிரல்) ஏதோ ஒரு செட்டிங் அணைந்து கிடக்கிறது என்பது இன்னொன்று. முதலாவது பணத்தில் முடியும், இரண்டாவது ஒரு மணி நேரத்தில் முடியும். வடசென்னையில் ஓடும் அசெம்பிள்டு சிஸ்டங்களில் இரண்டாவது வகையும் நிறையவே உண்டு. அது தெரியாமல் நல்ல கணினியைக் கழித்துக்கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் ப்ராசசர்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கம், சிபியு. வலது மேல்மூலையில் இருக்கும் பெயரை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையும் அதற்குப் பின் வந்தவையும் தேறும். ஐ5-7500 என்பதில் கோட்டுக்கு அடுத்த எண் 7, ஆகவே 7-ஆம் தலைமுறை, தேறாது. ஐ5-8400 தேறும். ஐ3-10100, ஐ5-1035ஜி1 போன்றவற்றில் முதல் இரண்டு எண்களைச் சேர்த்துப் பத்து என்று படிக்க வேண்டும். ஒன்று என்று படித்துவிட்டு "முதல் தலைமுறை" என்று ஒதுக்கிவிட வேண்டாம். 7-ஆம் தலைமுறையில் சில விதிவிலக்குகள் இருந்தாலும் சாதாரண டெஸ்க்டாப்பில் அவை வருவதில்லை. பென்டியம், செலரான் வகைகளில் தலைமுறை எண் வெளிப்படையாகத் தெரியாது. பென்டியம் கோல்டு ஜி5400 தேறும். ஒரு காலத்தில் மலிவு சிஸ்டங்களில் எங்கும் போட்டுக் கொடுத்த ஜி4400, ஜி4560 இரண்டும் தேறாது. செலரான் என்4000, என்4020 தேறும்.

ஏஎம்டியில் பெயர் இன்னும் ஏமாற்றும். ரைசன் 5 1600 தேறாது, 2600 தேறும். அப்படியானால் 2000 வரிசை முழுவதும் தேறும் என்று நினைப்போம். ஆனால் ரைசன் 3 2200ஜி, ரைசன் 5 2400ஜி, மடிக்கணினியில் வரும் 2500யு ஆகியவை முந்தைய வடிவமைப்பில் செய்யப்பட்டவை என்பதால் பட்டியலில் இல்லை. 3200ஜி, ஆத்லான் 3000ஜி இரண்டும் உண்டு.

வேகத்துக்கும் இந்தப் பட்டியலுக்கும் சம்பந்தமில்லை. ஐ7-4770, செலரான் என்4020-ஐவிடப் பல மடங்கு வேகமானது. ஆனால் செலரான் தேறும், ஐ7 தேறாது. ப்ராசசருக்குள் இருக்கும் பாதுகாப்பு வசதிகள், டிரைவர் ஆதரவு ஆகியவற்றை வைத்துப் போட்ட கோடு இது. இதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். 4 ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு போட்ட செலரான் மடிக்கணினி சோதனையில் பச்சை டிக் வாங்கிவிடும், ஏனென்றால் விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சமே 4 ஜிபி ராமும் 64 ஜிபி இடமும்தான். ஏற்றிய பின் பிரவுசரில் நான்கு டேப் திறந்தாலே திணறும். ஆண்டு அப்டேட் வரும்போது இடம் போதாது என்று நிற்கும். இஎம்எம்சி போர்டிலேயே பற்றவைத்திருப்பதால் மாற்றவும் முடியாது. தேறியது என்பதற்காக இதில் 11 போடுவது வீண்வேலை. நடைமுறையில் 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் இருந்தால்தான் நிம்மதியாக வேலை நடக்கும்.

வீட்டில் இருப்பது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி என்றால், 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் வந்தவை எதுவும் 11-க்குப் பக்கத்தில்கூட வராது. அவற்றில் விண்டோஸுடன் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. இன்று அவற்றுக்குப் பொருத்தமும் லினக்ஸ்தான்.

ப்ராசசரை மட்டும் மாற்றிவிட்டால் ஆகாதா? இன்டெலில் பெரும்பாலும் ஆகாது. 7-ஆம் தலைமுறைக்கும் 8-ஆம் தலைமுறைக்கும் சாக்கெட்டின் பெயர் ஒன்றேதான், எல்ஜிஏ 1151. அதை வைத்து "அப்படியே உட்காரும்" என்று விற்பவர்கள் உண்டு. உட்காரும், ஆனால் ஓடாது. எச்110, பி250 போர்டுகள் 8-ஆம் தலைமுறையை ஏற்பதில்லை. அதற்கு 300 வரிசை சிப்செட் வேண்டும். போர்டும் ப்ராசசரும் சேர்த்து மாற்றும் செலவுக்கு ரீஃபர்பிஷ்டு (சரிபார்த்து மறுபடி விற்கும் பழைய) சிஸ்டமே வாங்கிவிடலாம். ஏஎம்டியின் ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஏ320, பி350 போர்டுகளில் பலவும் பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு ரைசன் 3000 வரிசையையும், சில 5000 வரிசையையும்கூட ஏற்கும். போர்டு கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கான ப்ராசசர் பட்டியலைப் பார்த்து, எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஏற்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய ப்ராசசர் சாக்கெட்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். மாற்றிய பிறகு செய்யலாம் என்று விட்டால் திரையே வராது.

ப்ராசசர் தேறியது, ஆனாலும் சிவப்பு

மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற சிறு நிரலை இறக்கி ஓட்டினால் எதில் தேறவில்லை என்று வரிவரியாகக் காட்டும். 8-ஆம் தலைமுறைக்குப் பிந்தைய அசெம்பிள்டு சிஸ்டங்களில் சிவப்பாக வருவது அநேகமாக இரண்டு வரிகள்தான்: டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பாதுகாப்புப் பகுதி), செக்யூர் பூட் (நம்பகமான நிரலை மட்டும் பூட் ஆக விடும் வசதி).

டிபிஎம் என்றதும் தனியாக ஒரு சிப் வாங்கப் போக வேண்டாம். இந்த ப்ராசசர்களோடு அது ஃபெர்ம்வேரிலேயே வந்துவிடுகிறது, அசெம்பிள்டு போர்டுகளில் பலவற்றில் அணைந்து கிடக்கிறது, அவ்வளவுதான். இன்டெலில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். ஆசுஸ் இன்டெல் போர்டில் அட்வான்ஸ்டு பக்கத்தில் பிசிஎச்-எஃப்டபிள்யூ கான்ஃபிகரேஷன் என்ற பகுதிக்குள் பிடிடி இருக்கும். எம்எஸ்ஐ-யில் செக்யூரிட்டி, ட்ரஸ்டட் கம்ப்யூட்டிங் என்று போனால் செக்யூரிட்டி டிவைஸ் சப்போர்ட் வரும். கிகாபைட்டில் செட்டிங்ஸ் அல்லது பெரிஃபெரல்ஸ் பக்கத்தில் இன்டெல் பிளாட்ஃபார்ம் ட்ரஸ்ட் டெக்னாலஜி என்ற முழுப்பெயரில் இருக்கும். இயக்கிய பின் விண்டோஸுக்குள் வந்து டிபிஎம் மேனேஜ்மென்ட் கருவியைத் திறந்து, பதிப்பு 2.0 என்று காட்டுகிறதா என்று பார்த்தால் போதும். ரைசனில் எஃப்டிபிஎம் போட்ட பிறகு அவ்வப்போது ஒரு நொடி விக்கினால் பயாஸ் பழையது என்று அர்த்தம். ஏஎம்டி 2022-இலேயே அதற்குத் திருத்தம் கொடுத்துவிட்டது.

செக்யூர் பூட் கொஞ்சம் சிக்கல் பிடித்தது. தேடல் பெட்டியில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். யுஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) என்று இருந்தால் பயாஸில் செக்யூர் பூட்டை இயக்கினால் முடிந்தது. லெகசி என்று இருந்தால் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஜிபிடி முறைக்கு மாற்றாமல் பயாஸை மட்டும் யுஇஎஃப்ஐ-க்குத் திருப்பினால் விண்டோஸ் பூட் ஆகாது. டேட்டா அழியாமல் மாற்ற எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10-லேயே இருக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்டில் முதலில் வேலிடேட் ஆப்ஷனோடு ஓட்டுங்கள், தேறினால் கன்வர்ட் ஆப்ஷனோடு. இரண்டு முறையும் அலவ்ஃபுல்ஓஎஸ் என்பதையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் ஓடும் விண்டோஸுக்குள்ளிருந்து வேலை செய்ய மறுக்கும்.

வேலிடேட் இங்கே தோற்பதற்கு முக்கியக் காரணம் நம் கடைகளின் பழக்கம்தான். ஒரே டிஸ்க்கை சி, டி, இ, எஃப் என்று நாலாகப் பிரித்துக் கொடுப்பார்கள். அதில் டி-யிலிருந்து எஃப் வரை எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் லாஜிக்கல் டிரைவ்களாக இருக்கும். எம்பிஆர்2ஜிபிடி அதிகபட்சம் மூன்று பிரைமரி பார்ட்டிஷன்களைத்தான் ஏற்கும், லாஜிக்கல் டிரைவைத் தொடவே தொடாது. அந்த டிரைவ்களில் இருப்பதை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி, டிஸ்க் மேனேஜ்மென்டில் அவற்றையும் எக்ஸ்டெண்டட் பகுதியையும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் தேறும்.

பயாஸில் கை வைக்கும் முன்

போர்டில் இருக்கும் சிஆர்2032 வட்ட பேட்டரியை முதலில் மாற்றுங்கள். கடையைப் பூட்டும்போது மெயினையே ஆஃப் செய்துவிட்டுப் போகிற இடங்களில் அது சீக்கிரம் இறங்கும். தேதி, நேரம் அடிக்கடி தவறினால் இறங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். பேட்டரி செத்தால் பயாஸ் தன் பழைய நிலைக்குத் திரும்பும். பல போர்டுகளில் அது லெகசி முறை, பிடிடி அணைப்பு. ஜிபிடி-க்கு மாற்றி விண்டோஸ் 11 ஏற்றிய சிஸ்டம் ஒரு திங்கட்கிழமை காலை பூட் டிவைஸ் இல்லை என்று நின்றால், டிஸ்க்கைச் சந்தேகப்படும் முன் இதைப் பாருங்கள். சில பத்து ரூபாய் பேட்டரிக்காக விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டவர்கள் உண்டு.

டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ இயங்கினால் அதை சஸ்பெண்ட் செய்துவிட்டுத்தான் டிபிஎம், செக்யூர் பூட் பக்கம் போக வேண்டும். மறந்தால் அடுத்த பூட்டில் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு டேட்டா போனது போனதுதான்.

ஜிடி 210, ஜிடி 610 மாதிரிப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு செருகியிருந்தால், லெகசி முறைக்கான சிஎஸ்எம் செட்டிங்கை அணைத்ததும் திரை கறுத்துப்போகலாம். அந்தக் கார்டுகளில் பலவற்றுக்கு யுஇஎஃப்ஐ மொழி தெரியாது. ப்ராசசரிலேயே கிராஃபிக்ஸ் இருந்தால், கார்டைக் கழற்றிவிட்டு போர்டிலேயே இருக்கும் மானிட்டர் இணைப்பில் மானிட்டரைச் செருகுங்கள். காசிமேடு, திருவொற்றியூர் போல உப்புக்காற்று அடிக்கும் இடங்களில் கேபினட்டைத் திறந்து மூடியதும் டிஸ்ப்ளே வராமல் போவதற்கு இன்னொரு காரணம் ராம் முனைகளில் படிந்த களிம்பு. கழற்றி, அழிரப்பரால் தேய்த்து, தூசியை ஊதிவிட்டுச் செருகினால் வந்துவிடும். செட்டிங்கைக் குறை சொல்ல வேண்டாம்.

செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் பக்கத்தில் சிஸ்டம் டைப் என்ற வரியில் 32-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று இருந்தால் ப்ராசசர் 64-பிட்டாக இருந்தாலும் நேரடி அப்கிரேட் கிடையாது. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே இல்லை. புதிதாகத்தான் போட வேண்டும். பழைய பார்கோடு பிரிண்டர், ஸ்கேனர் எல்லாவற்றுக்கும் 64-பிட் டிரைவர் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

இத்தனையும் தாண்டிப் பச்சை வந்தால் வேறு வழிகளை ஒப்பிடவே வேண்டியதில்லை. ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10-க்கு 11 இலவசம். ஏற்றிவிடுங்கள்.

தேறாத சிஸ்டத்துக்கு

நீட்டிப்பு என்பது காலம் வாங்கும் வழி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. இஎஸ்யு என்ற இந்தத் திட்டத்தில் தனிநபர் கணினிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை வரும். விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு இருக்கும். செட்டிங்குகளை ஒன்டிரைவில் சிங்க் செய்ய ஒப்புக்கொண்டால் காசில்லை, இல்லையென்றால் 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகள் அல்லது 30 டாலர். ஒரு கணக்கில் 10 கணினிகள் வரை சேர்க்கலாம். இலவச ஒன்டிரைவ் 5 ஜிபிதான் என்பதால் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களின் பேக்கப்பை அணைத்துவிட்டு செட்டிங்குகளை மட்டும் விடுங்கள். ஆபீஸ் டொமைனில் சேர்ந்த கணினிகளுக்கு இந்தத் தனிநபர் திட்டம் பொருந்தாது. மண்ணடி, பாரிமுனைப் பக்கத்து கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்கள் நிறுவனங்களுக்கான கட்டண இஎஸ்யு-வைத்தான் பார்க்க வேண்டும். முதல் ஆண்டுக்கு ஒரு கணினிக்கு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டில் இரட்டிப்பாகும். கணக்குப் போட்டால் இரண்டாம் ஆண்டிலேயே அது கசக்கும்.

குறுக்கு வழிதான் இப்போது கடைகளில் அதிகம் விலைபோகிறது. ரூஃபஸ் என்ற நிரலைக் கொண்டு பென் டிரைவ் தயாரிக்கும்போதே டிபிஎம், செக்யூர் பூட், ராம் சோதனைகளை நீக்கிவிடலாம். ஏறும், ஓடும், மாதாந்தர அப்டேட்டும் பெரும்பாலும் வரும். ஆனால் அதற்கு எந்த உத்தரவாதமும் இல்லையென்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்கிறது. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பு தானாக இறங்காது. ஹோம், ப்ரோ பதிப்பு ஒவ்வொன்றுக்கும் 24 மாதம்தான் ஆயுள் என்பதால் அதற்குள் மறுபடியும் பென் டிரைவோடு உட்கார வேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ 4.2, பாப்கவுண்ட் ஆகிய கட்டளைகள் ப்ராசசரில் இல்லாவிட்டால் பூட்டே ஆகாது. கோர் 2 டுவோவுக்கு அங்கே கதவு மூடிவிட்டது. கேம் ஆடவும் படம் பார்க்கவும் வைத்திருக்கும் 6, 7-ஆம் தலைமுறை வீட்டு சிஸ்டத்துக்கு இது பரவாயில்லை. பணம் புழங்கும் கடை சிஸ்டத்தில் போட வேண்டாம். "11 போட்டுத் தரோம்" என்று யாராவது ஒரு தொகை சொன்னால் எந்த முறையில் என்று முதலிலேயே கேளுங்கள். உங்கள் ப்ராசசர் பட்டியலில் இல்லாவிட்டால் அது குறுக்கு வழிதான்.

லினக்ஸ், பழைய பெட்டிக்கு நேர்மையான வழி. லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபி ராமில் தாராளமாக ஓடும். 2029 வரை ஆதரவு உண்டு. தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் என்ற தட்டச்சு நிரல் வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால் பத்து வருடத்து மடிக்கணினியும் சுறுசுறுப்பாகிவிடும். ஆனால் கணினியோடு என்னென்ன ஒட்டியிருக்கிறது என்பதுதான் இங்கே தீர்ப்பு சொல்லும். டேலி விண்டோஸுக்கானது. அதை வைத்துக் கணக்கு எழுதுகிற கடையில் லினக்ஸ் பேச்சே எடுக்க வேண்டாம். ஜெராக்ஸ் கடைகளில் மேசைக்கு மேசை இருக்கும் கேனான் எல்பிபி2900 லினக்ஸில் எளிதாகப் பேசாது. அதன் டிரைவரைப் பொருத்துவதில் ஒரு நாள் போய்விடும், அடுத்த அப்டேட்டில் மறுபடி நிற்கலாம். ஆதார் சார்ந்த வேலைக்கான கைரேகைக் கருவி வைத்திருப்பவர்களும் விண்டோஸிலேயே இருப்பது நல்லது. ஜிஎஸ்டி தாக்கல் பிரவுசரில்தான் என்றாலும் கம்பெனி, எல்எல்பி ஆகியவற்றுக்கு டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் கட்டாயம். டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று விற்றவரிடம் கேட்டுவிட்டே மாறுங்கள். தனி உரிமையாளர் ஓடிபி வழியாகவே கையெழுத்திடலாம், அவருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

எதையும் அழிக்காமல் பென் டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, பிரிண்டர், சத்தம், தூங்கி எழுவது, இந்த நான்கையும் அப்போதே சோதித்துவிடுங்கள்.

டேலியும் வேண்டும், டோக்கனும் வேண்டும், ப்ராசசரோ 4-ஆம் தலைமுறை என்றால் ரீஃபர்பிஷ்டு பிராண்டட் சிஸ்டம்தான் சிக்கனம். புதிது வாங்க நினைத்தவர்களுக்கு 2025 இறுதியில் ஏறிய ராம் விலை பெரிய தடை. ரீஃபர்பிஷ்டில் ராமும் சேர்ந்தே வருகிறது. கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு விம்கோ நகர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை எங்கிருந்தும் நீல வழித்தடத்தில் ஒரே மெட்ரோதான், அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடைதூரம். டெஸ்க்டாப்பில் டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060, 7060, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4, லெனோவா எம்720 ஆகியவை 8-ஆம் தலைமுறை. அவற்றுக்குச் சற்றே குறைந்த விலையில் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் 3050, 7050, எம்710 ஆகியவை 6, 7-ஆம் தலைமுறை. விலை வித்தியாசத்தைப் பார்த்து அவற்றை எடுத்தால் இதே இடத்துக்குத் திரும்ப வருவீர்கள்.

மடிக்கணினியில் மாடல் பெயரை மட்டும் நம்ப முடியாது. திங்க்பேட் டி480, லாட்டிட்யூட் 7490 இரண்டும் 7-ஆம் தலைமுறை ப்ராசசரோடும் விற்கப்பட்டவை. கடையிலேயே ஆன் செய்து டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். பயாஸுக்குள் போக முடிகிறதா, பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் வேண்டாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று வரும். பவர்சிஎஃப்ஜி கட்டளையில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் டிசைன் கொள்ளளவுக்கும் இப்போதைய கொள்ளளவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். பலரும் விட்டுவிடுகிற சோதனை இன்னொன்று. முன்பு வைத்திருந்த ஐடி கம்பெனியின் ஆட்டோபைலட் (கம்பெனி கணினிகளை நெட் வழியே நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் வசதி) பதிவு நீக்கப்படாத மடிக்கணினி, கடையில் போட்டுக் கொடுத்த விண்டோஸில் ஒழுங்காக ஓடும். ரீசெட் செய்து நெட்டில் இணைத்ததும் அந்தக் கம்பெனியின் பெயரைக் காட்டி, அங்கத்திய லாகின் கேட்டு நிற்கும். பணம் கொடுக்கும் முன் உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒருமுறை ரீசெட் செய்து காட்டச் சொல்லுங்கள். முக்கால் மணி நேரம் ஆகும். முகம் சுளிக்கும் கடையை விட்டு அடுத்த கடைக்குப் போகலாம், அந்தத் தெருவில் கடைகளுக்குப் பஞ்சமில்லை.